கீழ்த்தளக் கதவின் பொத்தான்

எச்சரிக்கை மணி ஒன்றுகூட அடிக்கவில்லை. அதுதான் ஆந்தைக்கு உறுத்தியது.

நாள் முழுக்கத் திரையையே விழித்துப் பார்த்துக்கொண்டிருப்பதால் அலுவலகத்தில் அவனுக்கு அந்தப் பெயர். சர்வர், குளிரூட்டி, கதவு என ஒவ்வொன்றையும் மென்பொருள் ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். சரியாக இருந்தால் பச்சையில் ‘நலம்’ என்று எழுதும். கோளாறு என்றால் சிவப்பும் மணியும். கீழ்த்தளத்து நெட்வொர்க் பெட்டி நின்றுவிட்டால், அதன் வழியாகப் பேசும் அத்தனையும் சேர்ந்து அலறும். அந்த அலறலைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காதோடு மனமும் மரத்துப்போயிருந்தது. அதனால் போன வாரம் கீழ்த்தளம் முழுவதையும் அந்தப் பெட்டியைச் சார்ந்ததாக அமைத்துவிட்டான். பெட்டி நின்றால் மற்றவை சாம்பல் நிறமாகி வாயை மூடிக்கொள்ளும்.

“கதவுப் பொத்தானை மட்டும் அதுல சேத்துடாதீங்க தம்பி,” என்று எலெக்ட்ரீஷியன் அப்போதே சொல்லியிருந்தார். “அதுக்குத் தனி ஒயர் போட்டிருக்கேன். பெட்டி செத்தாலும் அது பேசும். பேட்டரி ரூம் கதவு உள்ளேருந்து திறக்காது, பேட்டரி சூடாகி விஷக்காத்து வந்தா உள்ள இருக்கறவன் அந்தப் பொத்தானை அமுக்கித்தான் கூப்பிடணும், தெரியும்ல?”

“நீங்க மாட்டிக்கிட்டா ஆபீஸே நிம்மதியா இருக்கும்ணே.”

“இருக்கும், இருக்கும். அப்புறம் உங்களுக்கு யாரு சோறு போடுவா?”

இன்று விடுமுறை. கட்டடத்தில் இருவர் மட்டும். பெட்டியை நிறுத்திவிட்டு பேட்டரி மாற்ற வேண்டுமென்று சொல்லி, கைபேசியை மேசையில் சார்ஜில் போட்டு, சாப்பாட்டு டப்பாவைப் பின்னாலிருந்த நாற்காலியில் வைத்து, வழக்கம்போல் கடவுள் பெயரை முணுமுணுத்தபடி அவர் கீழே போனார். அதன்பின் கீழ்த்தளம் முழுவதும் சாம்பல். ஜன்னலில்லாத அறையில் குளிர்காற்று ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, சுவருக்குள் ஓடும் குழாயில் எதுவோ தட்டித் தட்டி நின்று மறுபடி தட்ட, எங்கிருந்தோ அழுகிய முட்டை வாடை மெல்லக் கசிந்து வர, மணி அடிக்காத உறுத்தலைத் தவிர எதையும் நினைக்காமல் அவன் உட்கார்ந்திருந்தான்.

தட்டல் நின்றது.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. டப்பா திறக்கும் சத்தம்.

“சாப்டீங்களா தம்பி?”

“இன்னும் இல்லண்ணே. வேலை முடிஞ்சுதா?” திரும்பாமலே கேட்டான்.

“முடியப்போகுது.”

வாடை இப்போது பக்கத்தில் இருந்தது. பேட்டரி அறையிலிருந்து வருபவரிடம் அந்த வாடை வராமல் வேறு எது வரும் என்று நினைத்துக்கொண்டான். தினமும் தன் சாப்பாட்டில் பாதியை மூடியில் எடுத்துவைத்து மறக்காமல் நீட்டுகிற மனிதர் அவர். அந்த நினைப்பில், அவர் கேட்டிருந்த அந்தச் சின்ன உதவி ஞாபகம் வந்தது. பட்டியலைப் பார்த்தான். கதவுப் பொத்தானும் சாம்பலாக இருந்தது. அன்று எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்தபோது அதுவும் சேர்ந்துபோயிருக்கிறது.

“இதோ, உங்க பொத்தானை எடுத்துவிட்டுடறேன்ணே.”

பெட்டியோடு அதற்கிருந்த சார்பை நீக்கினான்.

சிவப்பு. மணி அலறியது. ‘பொத்தான் அழுத்தப்பட்டிருக்கிறது.’

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சிவப்பு ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது. யாரோ விட்டுவிட்டு மீண்டும் அமுக்குகிறார்கள்.

“கீழ யாருண்ணே இருக்கா?”

“நான்தான் தம்பி.”

குரலில் கோபம் இல்லை. குறை சொல்லும் தொனிகூட இல்லை.

“ரொம்ப நேரமா அமுக்கறேன்.”

எழுந்து ஓட வேண்டும். படியிறங்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்தது. கால்களுக்குத் தெரியவில்லை. தோளில் ஒரு கை படிந்தது. சிரமப்படாதே என்று சொல்வதுபோல, மெதுவாக.

சிவப்பு.

அணைந்தது.

சிவப்பு. இம்முறை நீண்ட நேரம்.

அணைந்தது.

மணி நின்றது. கதவுப் பொத்தான் பச்சையானது.

நலம்.

தோளிலிருந்த கை விலகி, அவன் முன்னால் டப்பா மூடியை வைத்தது. அதில் பாதிச் சோறு. நகம் பிளந்து, நுனி தட்டையாக நசுங்கிய சுட்டுவிரல், மூடியை அவன் பக்கம் மெல்லத் தள்ளியது.

“சாப்பிடுங்க தம்பி. ஆறிடப்போகுது.”