போணிக் கை

மறுவீட்டு வண்டியில் ஓட்டுநர் கிடையாது. திட்டித் தீர்க்கக்கூட ஆளில்லாத வண்டி. அது பாட்டுக்கு ஊர்ந்து வந்து, எந்த வாசலில் நிற்க வேண்டுமோ அங்கே நின்று, "உங்கள் பொருள் வந்திருக்கிறது" என்று தேன் தடவிய பெண் குரலில் தெருவுக்கே கேட்கும்படி சொல்லும். பிறகு வயிற்றைத் திறந்து கொட்டும். விளிம்பு உடைந்த பக்கெட், நார் தேய்ந்த பல் பிரஷ், என்றைக்கோ ஊட்டி போனபோது ஜன்னல் வழியாக வீசிய தண்ணீர் பாட்டில் என்று எல்லாம் வந்து விழும். கல்யாணமாகிப் போன பெண் மறுவீட்டுக்கு வருவதுபோல அத்தனையும் பிறந்த வீடு தேடி வருவதால் வண்டிக்கு அந்தப் பெயர். அரசாங்கம் வைத்த பெயர் வேறு. அது யாருக்கும் ஞாபகமில்லை.

கோவை தடாகம் சாலைப் பக்கம் தரணிதரன் குடியிருந்த தெருவில் அந்த வண்டி நின்றதே இல்லை. அங்கே எல்லா வாசலிலும் பச்சை விளக்கு எரிந்தது. பச்சை என்றால் சுமையில்லாத வீடு. குப்பையென்று ஒருமுறை திரும்பி வந்த பொருள் வாசலைத் தாண்டினால் போதும், விளக்கு மஞ்சளாகிவிடும். அப்புறம் பால்காரர்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

எல்லாம் மூலமறி என்ற கருவியால் வந்த வினை. பிளாஸ்டிக்கைக் காய்ச்சும்போதே அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வித்துக்குறி ஒன்றைக் கலந்துவிடுகிறார்கள். உருக்கினாலும் நொறுக்கினாலும் அது அழியாது. புதுச் சாமானை முதன்முதலில் வாங்குகிறவர் கடையில் கட்டைவிரலை வைத்ததும் அவர் பெயர் அந்தக் குறியோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அது எத்தனை கை மாறினாலும், எந்தச் சாக்கடையில் கிடந்தாலும், மூலமறி மோந்து பார்த்து முதல் கை யாருடையது என்று சொல்லிவிடும். வண்டி அந்த வீட்டுக்குத்தான் போகும். பெயரை மாற்ற முடியாது. கல்யாணம் ஆனால் மட்டும் இரண்டு வீட்டுச் சுமையும் ஒன்றாகி, சரிபாதி இங்கேயும் சரிபாதி அங்கேயும் இறங்கும். சட்டம் எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். புதிதாக வாங்க ஜனங்கள் பயப்படுவார்கள், இருப்பதை வைத்துப் பிழைப்பார்கள் என்று நினைத்தார்கள்.

ஜனங்கள் பயப்படத்தான் செய்தார்கள். ஆனால் நம்மவர்களுக்கா குறுக்கு வழி தெரியாது? ஒப்பணக்காரத் தெரு நெடுக மறுகைக் கடைகள் முளைத்தன. உறை பிரிக்காத, வாசனை போகாத, புத்தம் புதிய பழைய சாமான்கள்! தொழிற்சாலையிலிருந்து வந்த பொருளை ஒருவர் விரல் வைத்து வாங்குவார். வாங்கிய சூட்டோடு அதே மேஜையில் கடைக்கே திருப்பி விற்றுவிடுவார். அவ்வளவுதான், அது மறுகைச் சாமான். அடுத்து வாங்குகிறவர் தலையில் ஒரு பாவமும் இல்லை. அப்படி விரல் வைத்துப் பிழைக்கிறவர்களுக்குப் போணிக்காரர்கள் என்று பெயர். காலையில் முதல் வியாபாரத்தை நல்ல கையாகப் பார்த்துப் போணி செய்யச் சொல்வார்களே, அந்த மரியாதையைக் கொண்டுவந்து இதற்கு ஒட்டிவிட்டார்கள். கைராசிக்காரர்கள் என்றும் சொல்வதுண்டு. ராசி யாருக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது.

தரணிதரன் சுமையிலிக் குடும்பங்கள் சங்கத்தின் தலைவர். "எங்க வீட்ல இருபத்தஞ்சு வருசமா புதுசுன்னு ஒரு டப்பா வாங்குனதில்லீங்க" என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கூரையைப் பிய்க்கும். வேடிக்கை என்னவென்றால் அவரும் அதை மனதார நம்பினார். பாவமில்லாத சாமான்தானே என்று தீபாவளிக்குத் தீபாவளி நாற்காலிகளை மாற்றினார். பழையதை வாசலில் வைத்தால் யாரோ எடுத்துப் போனார்கள். அதற்குப் பிறகு அவை எங்கே போயின என்று அவர் கேட்டதில்லை. கேட்பானேன்?

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரே மகன் மகிழன், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் தன்ஷிகாவைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னான்.

"பேரு நல்லாத்தான் இருக்குது" என்றாள் அம்மா சங்கவி. "அவுங்க வீட்டுச் சுமை எவ்வளவு?"

ஜாதகம் கேட்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். மகிழன் தட்டைப் பார்த்தபடி சொன்னான். "அவுங்கம்மா போணிக்காரங்கம்மா. அப்பா இல்ல."

"அடப்பாவி!" சங்கவி கையிலிருந்த கரண்டியைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டாள். "பதிவு பண்ணுன அன்னிக்கே பாதிக் குப்பை நம்ம வாசல்ல வந்து எறங்குமேடா! உங்கப்பா அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மேடையேறுவாரு?"

"ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் விரல் வெச்சாத்தாம்மா பதிவே ஆகும். அவளும் அவுங்கம்மா சம்மதமில்லாம வர மாட்டா." அப்பாவின் பக்கம் திரும்பினான். "நீங்க ஒருக்கா போய்ப் பாருங்கப்பா. பாத்துட்டு வந்து என்ன சொன்னாலும் சரி."

"போறேன் கண்ணு" என்றார் தரணிதரன். மகன் எழுந்து கை கழுவப் போனதும் மனைவியிடம் குனிந்து, "பதறாத. நாசூக்காப் பேசிக் கழட்டி விட்டுர்றேன்" என்றார்.

தன்ஷிகாவின் அம்மா கோகிலவாணியின் வீடு சூலூர் தாண்டி இருந்தது. முதலில் வீடே தெரியவில்லை. சுவர் உயரத்துக்குப் பிளாஸ்டிக். குப்பைமேடு என்று சொன்னால் வாய் வெந்துபோகும். எல்லாவற்றையும் கழுவி, நிறம் பார்த்துப் பிரித்து, அடுக்கி, நடுவே நடக்க ஒரு சந்து விட்டிருந்தாள். ஆனாலும் அடுக்கு ஏறி ஏறி ஜன்னல்களை மூடிவிட்டதால், உச்சி வெயிலிலும் உள்ளே விளக்கு எரிந்தது.

"வாங்க வாங்க! தல பத்திரமுங்க, அந்தக் குடம் சரிஞ்சாலும் சரியும்" என்று சத்தமாகச் சிரித்தபடி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வலது கட்டைவிரல் மட்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தாள். வீட்டுக்குள் எல்லாமே எவர்சில்வரும் மண்சட்டியும்தான். "நமக்குன்னு பிளாஸ்டிக் ஒன்னு வாங்கறதில்லீங்க. இருக்கறத வெக்கவே எடமில்ல, இதுல இன்னொன்னு எதுக்கு?"

தரணிதரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழியெல்லாம் தயாரித்த பேச்சு இருந்தது. "அதாவதுங்க, ரெண்டு குடும்பம்னா பழக்கவழக்கம்னு ஒன்னு..."

"உங்களப் பத்தி எனக்கு நல்லாத் தெரியுமுங்களே."

"மேடையில பேசுனதக் கேட்டிருக்கறீங்களா?"

"அதுக்கெல்லாம் எங்கீங்க நேரம். அங்க பாருங்க."

சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு கேடயம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தங்க நிறம் உரிந்த பிளாஸ்டிக். 'சுமையிலிச் செம்மல் தரணிதரன்' என்று எழுதி, அவருடைய சிரித்த முகம் போட்டிருந்தது. கால் உடைந்துவிட்டதென்று அவர்தான் அதை வெளியே வைத்தார்.

"போன ஐப்பசி மழையில வந்துச்சு. முகம் போட்டுருந்ததால அடுக்குல சொருக மனசு வரல. தம்பி வந்து அப்பா பேரச் சொன்னப்பறந்தான் தெரிஞ்சுது, அட, இவரா நம்ம சம்பந்தின்னு! நீங்க வர்றதுக்கு முன்னாலயே உங்க குப்பை வந்து பொண்ணு கேட்டுருச்சு போங்க!"

தரணிதரனும் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. அப்போதுதான் கண் மெல்ல மெல்ல மற்றதைப் பார்க்கத் தொடங்கியது. அந்தப் பச்சை நாற்காலிகள் போன தீபாவளிக்கு முந்திய தீபாவளியுடையவை. நீல நாற்காலிகள் அதற்கும் முந்தியவை. சங்கவியின் மூடி தொலைந்த டிபன் டப்பாக்கள். சந்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் நிறக் குளியல் தொட்டி. அதன் விளிம்பில் நகப்பூச்சால் 'மகிழ்' என்று எழுதியிருந்தது. மகன் உட்காரப் பழகிய வயதில் சங்கவி எழுதியது.

அவருக்கு வெட்கமாக இருந்தது. நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தால் வரும் வெட்கம்கூட இதற்குத் தேவலை. அதைக் கட்டிக்கொண்டு ஓடிவிடலாம். இருபத்தைந்து வருஷமாகக் கைதட்டல் வாங்கிய ஒவ்வொரு வார்த்தையும் இந்தப் பெண்ணின் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது.

கோகிலவாணி அதைக் கவனித்தாளா தெரியவில்லை. அவள் கல்யாணப் பேச்சில் இருந்தாள். "சீர் என்ன செய்வீங்கன்னு உங்கூட்டுல கேப்பாங்க, கேக்கோணுமுல்ல. செய்யறதுக்கு எங்கிட்ட ஒன்னுமில்லீங்க. ஆனாப் பாருங்க, உங்க தெருவுல எல்லாரும் வாங்கற கடைக்கு நாந்தான் போணி. உங்க மெத்தையில இருந்து டீ வடிகட்டி வரைக்கும் இந்தக் கை வாங்குனதுதான். சீரெல்லாம் எப்பவோ வந்து சேந்துருச்சுங்க. பொண்ணு மட்டுந்தான் பாக்கி."

தரணிதரன் எழுந்துபோய் அந்தத் தொட்டியைத் தொட்டார். அடியில் ஒரு விரிசல். அவருக்குக் கண் கலங்கியது.

"இத நான் எடுத்துட்டுப் போறேனுங்க."

"எடுத்துட்டுப் போனா உங்க வெளக்கு மஞ்சளாயிருமே?"

"ஆகட்டுமுங்க! நல்லா ஆகட்டும்!" என்றார். அந்த நிமிடம் அவர் சொன்னது சத்தியம். "விரல் வெக்க எப்ப வர்றதுன்னு நாள் பாத்துச் சொல்றேன். சம்மதந்தான்னு வெச்சுக்கங்க."

கோகிலவாணி முந்தானையால் தொட்டியை உள்ளும் புறமும் துடைத்தாள். "என்ற பொண்ணாச்சும் ஜன்னல் தெறந்து வெச்ச வீட்டுல இருக்கட்டுங்க" என்றாள். சிரித்துக்கொண்டிருந்த குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது.

சிங்காநல்லூர் வரைக்கும் தரணிதரன் பெரிய தியாகி. மேடையில் உண்மையைப் போட்டு உடைப்பதாகவும், கூட்டம் விக்கித்து நிற்பதாகவும், கடைசியில் எல்லோரும் எழுந்து கைதட்டுவதாகவும் நினைத்துக்கொண்டு வந்தார். கைதட்டல் இல்லாமல் அவருக்கு எதையும் நினைக்கத் தெரியாது. அப்போது சங்கச் செயலாளர் அழைத்தார்.

"தலைவரே, சாயங்காலம் மறந்துராதீங்க. சங்கத்துல சேந்த புதுக் குடும்பங்களுக்கெல்லாம் உங்க வீட்டு வாசல்ல, அந்தப் பச்சை வெளக்குக்குக் கீழ வெச்சுத்தான் பாராட்டு. எல்லாரும் ஆசப்படறாங்க."

"சரி, சரி" என்று சொல்லிவிட்டுக் காரின் கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டில் தொட்டி மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. வாசலைத் தாண்டுகிறார், விளக்கு மாறுகிறது, அத்தனை தலைகளும் திரும்புகின்றன, சங்கவி கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். இன்று ஒரு நாள் போகட்டும் என்று தோன்றியது. கல்யாணமென்ன நாளைக்கேவா? சாயங்காலக் கூட்டம் முடிந்ததும் நிதானமாக எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை இது எங்கேயாவது பத்திரமாக இருந்தால் சரி.

காரை நொய்யல் கரைக்குத் திருப்பினார். சீமைக் கருவேலப் புதருக்குப் பின்னால் தொட்டியைப் போட்டார். தப்பு, போடவில்லை; வைத்தார். மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வரக் கூடாதென்று கவிழ்த்தே வைத்தார். பொறுப்பான மனிதர்.

அன்று மாலை பாராட்டு அமோகமாக நடந்தது. "என்னப்பா, பாத்தீங்களா?" என்று கேட்ட மகனிடம், "பாத்தேன், நல்ல மனுசங்கதான், யோசிக்கலாம்" என்றார். மறுநாள் நொய்யல் கரைக்குப் போகத்தான் நினைத்தார். வேறு வேலை வந்துவிட்டது. அதற்கு மறுநாள் காலை கோகிலவாணியிடமிருந்து அழைப்பு வந்தது.

"தொட்டி வந்துருச்சுங்க" என்றாள்.

தரணிதரன் மகனின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நொய்யல் கரையில கெடந்துச்சுன்னு வண்டி சொல்லுச்சு."

"அது வந்துங்க... நான் திரும்ப எடுக்கத்தான்..."

"இருக்கட்டுங்க. அலசி வெச்சுட்டேன்." "பொண்ணு இப்பத்தான் வேலைக்குக் கெளம்பிப் போனா, அவளுக்குத் தெரியாது. ஒன்னு சொல்றேன் கேளுங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு நாஞ் சொன்னதா இருக்கட்டும். எனக்கு மனசு ஒப்பலைன்னு அவகிட்டச் சொல்லிக்கறேன்."

"ஐயோ, நீங்க எதுக்குங்க..."

"உங்களுக்காகச் சொல்லலீங்க." இப்போது குரலில் சிரிப்பு துளியும் இல்லை. "உங்க பையன் இங்க வந்தா மோர் குடிச்ச டம்ளர அவனே கழுவி வெச்சுட்டுத்தான் போவான். அப்பன் ஒரு வாக்குக் குடுத்துட்டு வழியிலயே தூக்கி எறிஞ்சுட்டாருன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். என்ற பொண்ணும் இப்படித் தூக்கி எறியற வீட்டுக்குப் போக வேண்டாம். வேண்டாம்னு சொன்ன பேரு எம்மேலயே இருக்கட்டும். போணி பண்றது எனக்குப் பழக்கந்தானுங்களே."

'இல்லீங்க, தப்பு என்னோடது, நானே மகிழன்கிட்ட சொல்றேன்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. அந்த வார்த்தைகள் அவர் தொண்டை வரைக்கும் வந்தன. அவர் வெட்கப்பட்டார், உண்மையாகவே வெட்கப்பட்டார், அதில் சந்தேகம் வேண்டாம்.

"சரிங்க" என்றார்.

அவள் இணைப்பைத் துண்டித்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். அறையிலிருந்து மகிழன் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

"யாருப்பா போன்ல?"

"அந்தப் பொண்ணோட அம்மா" என்றார் தரணிதரன். மகனின் தோளில் கையை வைத்தார். "அவுங்களுக்கு இஷ்டமில்லையாம் கண்ணு."