மூன்றாவது சிவப்பு நாடா

முதல் இரண்டு மரங்களும் தொல்லை தராமல் விழுந்தன. மூன்றாவதில்தான் சிக்கல்.

அது வண்டு தின்று பட்டுப்போன ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்பு நாடா. காட்டின் சொந்தக்காரி குன்வோர் கட்டியது. நாடா கட்டிய மூன்று மரங்களை மட்டும் விறகுக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருந்தார். டிராக்டரும் அவருடையதுதான். இருட்டுவதற்குள் திருப்பித் தர வேண்டும்.

ஸ்டெல்லன் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு ரம்பத்தை எடுத்தார். கவசம் மாட்டினால் அவருக்கு எதுவும் கேட்காது. அதனால் அவருக்கும் பத்து வயது மகள் தூவாவுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அவள் கையை உயர்த்தினால் ரம்பம் நிற்க வேண்டும்.

தூவா கையை உயர்த்தினாள்.

"என்ன?"

"மேல பாருப்பா. வாலு தொங்குது."

இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பழைய மரங்கொத்திப் பொந்து. அதன் விளிம்பில் ஐந்தாறு மெல்லிய வால்கள். உள்ளே காட்டெலிகளை யாரோ திணித்து வைத்திருந்தார்கள்.

"சின்ன ஜாதி ஆந்தையோட வேலை. பனிக்காலத்துக்குச் சேர்த்து வைக்குது," என்றார் அப்பா.

அது பக்கத்துக் கிளையில்தான் உட்கார்ந்திருந்தது. தூவாவின் கையுறை அளவுதான் இருக்கும். ஆனால் அது பார்த்த பார்வை வீட்டுக்காரரின் பார்வை.

"வேற எங்கயாவது சேர்த்துக்கும். சமாளிக்கும்," என்றார் அப்பா.

"நாமளும்தான் போன வருஷம் சமாளிச்சோம்."

அப்பா ரம்பத்தைக் கீழே வைத்தார். போன பனிக்காலத்தில் பிப்ரவரி முதல் வாரத்திலேயே விறகு தீர்ந்தது. அதன் பிறகு இருவரும் கோட்டும் குல்லாயுமாகச் சமையலறையில் தூங்கினார்கள்.

"ரெண்டு மரம் மார்ச் வரைக்கும் வராது தூவா. வேணும்னா அதோ அந்த பிர்ச் மரத்தைக் குன்வோர்கிட்ட கேட்டுப் பார்க்கலாம். நல்ல பருமன்."

அந்த பிர்ச் மரமும் பட்டுப்போனதுதான். ஆனால் பட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. தூவா கோடரியின் பின்பக்கத்தால் அதைத் தட்டினாள்.

தொப்.

"போன வருஷம் வெட்டினோமே, அதுவும் இதே மாதிரிதான்பா. பட்டை தண்ணிய வெளிய விடாது. உள்ள பஞ்சாயிடும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அப்ப நான் தட்டிப் பார்க்கலையே. அம்மாதான் தட்டுவா."

மரத்தைத் தேர்ந்தெடுப்பது அம்மாவின் வேலை. வெட்டுவது அப்பாவின் வேலை. அம்மா இறந்த பிறகு இரண்டும் அப்பாவிடம் வந்துவிட்டன. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

தூவா தட்டிக்கொண்டே நடந்தாள். தொப். தொப். பிறகு ஒரு பைன் மரம். பட்டை முழுவதும் உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் முறுக்கிக்கொண்டு நின்றது.

டங்.

"இதுவா? தும்மினா விழுந்துடும் போலிருக்கு."

"தும்முப்பா, பார்க்கலாம்."

அப்பா தும்மவில்லை. தோளால் தள்ளிப் பார்த்தார். மரம் அசையவில்லை.

"சரிதான். ஆனா இதுல நாடா இல்லையே."

நாடாவை அவிழ்த்து இதில் கட்ட ஒரு நிமிடம் போதும். தூவா அவிழ்க்கவில்லை. குன்வோர் வீட்டுக்கு ஓடினாள்.

குன்வோர் வாயில் ரொட்டியை மென்றபடியே வந்தார்.

"இந்தப் பைனா? இத எனக்குன்னு வச்சிருக்கேன். அடிக்கட்டை முழுக்கப் பிசின். தீ மூட்ட இது மாதிரி வராது."

தூவா யோசித்தாள்.

"அப்ப அடிக்கட்டை உங்களுக்கு, மேல் மரம் எங்களுக்கு. நானே குச்சி குச்சியா பிளந்து கொண்டுவந்து தரேன்."

"அந்த ஸ்ப்ரூஸுக்கு என்ன குறைச்சல்?"

தூவா மேலே காட்டினாள். குன்வோர் பொந்தின் கீழே போய் நின்றார். ஆந்தை அவரைப் பார்த்து நிறுத்தாமல் விசிலடித்தது.

"என் காடு. என்னையே விரட்டுது பாரு."

"வாடகையா ரெண்டு எலி கேளுங்க," என்றாள் தூவா.

"அதுவே வச்சுக்கட்டும்."

குன்வோர் நாடாவை அவிழ்த்தார். பைன் மரத்தில் அவரே கட்டினார்.

"சீக்கிரம் ஆகட்டும் ஸ்டெல்லன். நாலு மணிக்கு இருட்டிடும்."

பிப்ரவரியில் குளிர் மைனஸ் இருபத்தைந்தைத் தொட்டது. கணப்பு அடுப்பு அணையவில்லை. தூவா தன் அறையில், தன் கட்டிலில் தூங்கினாள். அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஒவ்வொரு கட்டையையும் அடுப்பில் வைக்கும் முன் விரல்முட்டியால் ஒரு தடவை தட்டுவார்.

மாதக் கடைசியில் தூவா பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டுக்குப் போய்த் திரும்பினாள்.

"ஆந்தைக்கு எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு வால் தெரியுது."

அப்பா ஜன்னல் வழியாக விறகுக் கொட்டகையைப் பார்த்தார்.

"நமக்கு ரெண்டு வரிசை," என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கட்டையைத் தட்டி உள்ளே வைத்தார்.