வளரேடு சொன்ன தேதி

பொற்கொடி பெரியமனுஷி ஆகப்போகும் நாள் அவளைத் தவிர அவளுடைய சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தை மாதம் பதினேழு, வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாம். அவளுக்கு அது தெரியவந்த விதம்தான் கொடுமை. கோ-கோ பயிற்சி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்துச் சுவர்த்திரையில் பட்டுப்பாவாடையும் ஒட்டியாணமுமாக அவளே நின்றுகொண்டிருக்கிறாள். உடுத்தாத பட்டு, போடாத நகை, எல்லாம் கணினி கட்டிவிட்ட அலங்காரம். தலைக்கு மேலே "பூப்புனித நன்னீராட்டு விழா" என்று கொட்டை எழுத்து. கீழே கரூரிலிருந்து மஸ்கட் வரைக்கும் மாமா, அத்தைகளின் பெயர்கள்.

"எனக்கு இன்னும் எதுவும் ஆகவே இல்லையேம்மா," என்றாள். பதினோரு வயதுப் பிள்ளை வேறென்ன சொல்லும்?

அவள் அம்மா தர்ஷினி அவசரமாகத் திரையை அணைத்தாள். "நான் ஊரெல்லாம் சொல்லல கண்ணு. கோகுல் மாமாகிட்ட மட்டும்தான் சொன்னேன். மஸ்கட்ல மூணு மாசம் முன்னாடியே லீவு எழுதிக் குடுக்கணுமாம். தாய்மாமன் இல்லாம சீர் செய்ய முடியுமா? தையில மண்டபம் கிடைக்கிறதும் லேசா?"

"உனக்கு யாரும்மா சொன்னது?"

தர்ஷினியின் பார்வை மேசைப் பக்கம் போனது. அங்கே வளரேடு கிடந்தது.

ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் பள்ளியில் கொடுக்கிற படப்புத்தகம் அது. பார்க்கச் சாதாரணப் புத்தகம். ஆனால் தாளுக்குள் மெல்லிய விரலுணரிகள் ஓடும். புரட்டுகிற விரலின் சூட்டையும் வியர்வையையும் வைத்து, அந்தப் பிள்ளையின் உடம்பு எந்தப் படியில் நிற்கிறது என்று கண்டுகொள்ளும். அதற்கேற்பப் படங்கள் மாறும். உள்ளே மின்னி என்று ஒரு பெண் இருப்பாள். படிக்கிறவள் வளர வளர அவளும் வளர்வாள், கேட்டால் பதிலும் எழுதுவாள். இந்தப் புத்தகம் வருவதற்கு முன், செத்துப்போகப் போகிறோம் என்று குளியலறையில் அலறிய பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தக் கூத்து ஒழிந்ததே, நல்லதுதான், யார் இல்லை என்றது?

பொற்கொடி மின்னியிடம் கேட்காத கேள்வி இல்லை. ஒரு பக்க மார்பு மட்டும் பெரிதாக இருக்கிறதே, நோயா? எவ்வளவு ரத்தம் போகும்? அந்த நாளில் கோ-கோ ஆடலாமா? அம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் அங்கே கொட்டினாள். மின்னி முகம் சுளிக்காமல் படம் படமாக விளக்கினாள். நாப்கினை எப்படி ஒட்டுவது, எத்தனை மணிக்கொரு தரம் மாற்றுவது எல்லாம் பாடமாகிவிட்டது. முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "இங்கே பேசுவது நம் இருவருக்குள்." அதை அவள் அப்படியே நம்பினாள்.

ஏட்டை அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். "நீயா சொன்னே?"

மின்னி சிரித்த முகத்தோடு எழுதினாள்: "உன் கேள்விகளை யாரிடமும் சொல்லவில்லை. உன் தேதியை மட்டும் உன் பாதுகாவலருக்கு அனுப்பினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பதற்றப்படுவாய் என்று."

பொற்கொடிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் உடம்பு, தன் நாள். அதை முதலில் தெரிந்துகொள்ளும் பாத்தியதை தனக்கு இல்லாமல் மஸ்கட்டில் இருக்கிற மாமாவுக்கா? கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டதே இந்தப் புத்தகம் என்று அழுதாள். அம்மாமீது வந்த ஆத்திரம் அதைவிடப் பெரியது. அந்த நாள் எப்போது வந்தாலும் யாருக்கும் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவுகட்டினாள்.

மறுநாள் தோழி ஷெரினிடம் சொன்னாள். ஷெரின் வீட்டிலும் இதே கதைதான்.

"எங்க ரோஸிகிட்டக் குடுத்துருவோம்டி," என்றாள் ஷெரின். ரோஸி அவள் தங்கை, ஒன்பது வயது. "அவ தினமும் புரட்டட்டும். ஏடு என்னத்தக் கண்டுபிடிக்குதுன்னு பாப்போம்."

ரோஸிக்குப் படம் பார்க்கக் கசக்குமா? தினமும் பள்ளி வேனில் இரண்டு ஏடுகளையும் புரட்டித் தள்ளினாள். கொஞ்ச நாளில் ஆறாம் வகுப்பில் பாதி ஏடுகள் தங்கைகளின் கைக்குப் போய்விட்டன.

மார்கழியில், அரையாண்டுத் தேர்வுக்கு நடுவே, பொற்கொடிக்கு வந்தது. அவள் அலறவில்லை. படித்தபடி எல்லாம் செய்தாள், கை கழுவினாள், வந்து மிச்சக் கணக்கைப் போட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

தர்ஷினியின் கைபேசிக்கு ஏடு அனுப்பும் தேதி, ரோஸியின் விரலுக்கேற்பத் தள்ளித் தள்ளிப் போனது. தை பதினேழும் வந்தது. எழுதிக் குடுத்த லீவை மாற்ற முடியாமல் கோகுல் மாமா சீர்த்தட்டோடு வந்து இறங்கினார். சேதி இல்லை. இரண்டு நாள் பார்த்தார்கள், நான்கு நாள் பார்த்தார்கள். மண்டபத்துச் சமையல்காரரிடம் அம்மா ஏதேதோ சமாளித்தாள். வந்த அத்தைமார்கள் பொற்கொடியைத் தேர்வில் தோற்றவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு விமானம் ஏறினார். அவளுக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம்.

மாசியில் இரண்டாவது முறை வந்தது. வந்தது நிற்கவில்லை. ஐந்து நாள், ஏழு நாள், ஒன்பது நாள். ஆட்டத்தில் எழுந்து ஓடப்போனவளுக்குத் தலை சுற்றியது. ஏழு நாளுக்கு மேல் போனால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல் என்று மின்னி கற்றுக்கொடுத்தது அவளுக்கு மனப்பாடம். யாரிடம் சொல்வது? ஏட்டைத் தொட்டால் போதும், மாமாவுக்குப் போய்விடும். ஆசிரியையிடம் சொன்னால் அடுத்த நிமிடம் அம்மாவுக்குப் போன் வரும். கற்றுக்கொடுத்ததெல்லாம் நினைவில் இருந்தது. நம்புவதற்கு ஆள்தான் இல்லை.

பத்தாம் நாள் காலை, தோசையைத் தட்டில் போட்ட தர்ஷினி அவள் முகவாயைத் தொட்டுத் தூக்கினாள். "ஏன் கண்ணு முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" குரலில் கவலை இருந்தது. பொற்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை கோபம் இருந்தால் என்ன, அம்மா அம்மாதானே.

"அம்மா, எனக்கு வந்து..."

"பயப்படாத, சொல்லு," என்றாள் தர்ஷினி. சொல்லிக்கொண்டே, மகள் வாய் திறப்பதற்குள், மறு கையால் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். உடனே அவள் முகம் தெளிந்தது. "இன்னும் நாலு மாசம் இருக்குன்னு போட்டிருக்கு. உடம்புக்கு ஒண்ணுமில்லையாம். வெயில்ல ஆடுறேல்ல, அதான். என்ன சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்லம்மா," என்றாள் பொற்கொடி. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து பள்ளிக்குக் கிளம்பினாள்.