ஹாய்ல் வீட்டு இணைப்பைத் துண்டித்தது யார்?

வெள்ளிக்கிழமை காலை 8.10. இங்கிலாந்தின் கிரிம்ஸ்பியில் தூறல் விட்டபாடில்லை. கிளிஃபர்ட் ஹாய்ல் மாடிப்படி அடியில் குப்புறக் கிடந்தார். வயது எண்பத்தொன்று. விழுந்ததில் இடுப்பு முறிந்து, விடிய விடியக் குளிரில் கிடந்து செத்திருக்கிறார் என்றார் மருத்துவர். கழுத்தில் தொங்கிய அவசரப் பொத்தானைக் கையில் இறுகப் பிடித்திருந்தார்.

அதை அமுக்கினால் உதவி மையத்தில் மணி அடிக்கும், உடனே ஆள் வரும். யாரும் வரவில்லை. பாவம் மனுஷன், எவ்வளவு நேரம் அமுக்கினாரோ! போலீஸ் சார்ஜென்ட் மாக்ஸின் ஆக்டன் குனிந்து பொத்தானைச் சோதித்தாள்.

பொத்தானில் பழுதில்லை. அது வீட்டு இணையம் வழியாகத்தான் வேலை செய்யும். இணையம் செத்துக் கிடந்தது.

"பக்கத்து வீட்டு டெரிக்தான்!" என்று கத்தினாள் மகள் டெனிஸ். "நேத்து வேலி ஓரமாத் தோண்டினான். ஒயரை அறுத்திருப்பான். அவனை விடாதீங்க!"

டெரிக்கின் முகம் வெளுத்தது. "அவரைப் பார்த்துட்டு உங்களுக்கு போன் பண்ணினதே நான்தாங்க. வேலிச் சண்டை வேற, உயிர் வேற."

மாக்ஸின் ஒயரைச் சுவரிலிருந்து தெருக்கம்பம் வரை பார்த்துவிட்டு வந்தாள். எங்கும் வெட்டில்லை.

9.25. இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டாள். "போலீஸ் பேசறேன். கிளிஃபர்ட் ஹாய்ல் வீட்டு இணைப்பு ஏன் வேலை செய்யல?"

மறுமுனைப் பெண்ணின் குரல் சட்டென்று இளகியது. "குடும்பத்துக்கு எங்க அனுதாபம் மேடம். நேத்து சாயங்காலமே நிறுத்திட்டோம்."

மாக்ஸினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவைப் பற்றி இவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே!

உடலை எடுத்துப் போன பிறகு, சமையலறையில் டெனிஸுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா எப்ப இறந்தாரு?"

"என்ன கேள்வி இது? ராத்திரிதான்."

"கம்பெனிக்கு நேத்து சாயங்காலமே தெரிஞ்சிருக்கே. அவர் செத்துட்டாருன்னு சொல்லணும்னா, அவரோட கணக்கு விவரமெல்லாம் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும். டெரிக்குக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? ஒயரை யாரும் அறுக்கல, டெனிஸ். நீங்கதான் சொல்லி நிறுத்தியிருக்கீங்க."

டெனிஸ் உடைந்து போனாள். "வேற கம்பெனில பாதி விலை. ஆனா ஒப்பந்தம் முடியறதுக்குள்ள விலகினா இருநூறு பவுண்டு கட்டணுமாம். அப்பா ஹீட்டர் போடவே யோசிக்கிறவரு. மிச்சமாகிற காசுல வீடாவது சூடா இருக்கட்டும்னு பார்த்தேன். ஆள் இறந்துட்டா மட்டும் கட்ட வேணாம்னாங்க. சொல்லிட்டேன். இன்னைக்குப் புது இணைப்பு வந்துரும், நடுவுல ஒரு ராத்திரிதானேன்னு நெனச்சேன். ஐயோ, என் அப்பா!"

மாக்ஸின் அவள் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது. புது நிறுவனத்து ஆள் பெட்டியோடு நின்றார். "ஹாய்ல் இருக்காருங்களா? இணைப்புக் கொடுக்க வந்திருக்கேன்."

"வேணாங்க," என்றாள் டெனிஸ்.

"இந்த நேரத்துல வேணாம்னா ரத்துக் கட்டணம் உண்டுங்க. ஏதாவது காரணம் இருந்தாச் சொல்லுங்க, தள்ளுபடி பண்ணிரலாம்."

டெனிஸ் வாயைத் திறந்தாள். நேற்று பொய்யாகச் சொன்ன காரணத்தை மறுபடி சொல்லாமல் கைப்பையை எடுத்தாள்.

"கட்டிடறேன்," என்றாள். "எவ்வளவுன்னு சொல்லுங்க."