எழுபத்து நாலு டிகிரி

"சார், செருப்பு!"

பிரபு திடுக்கிட்டு நின்றான். ஐப்பசி மழையில் குடவாசலிலிருந்து மயிலாடுதுறை வரை பைக்கில் நனைந்து வந்தவன், மாடியேறியதும் இடி மாதிரி நாலு வார்த்தை கேட்பதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான். வார்த்தைகள் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டன.

அது பல் செட் செய்யும் லேப். மேஜை நிறையப் பற்கள் சிரித்துக்கொண்டிருந்தன. நடுவே, சிரிக்காத இரண்டு கண்கள்... மாஸ்குக்கு மேலே, இப்போது கொட்டுவேனா இன்னும் கொஞ்சம் பொறுப்பேனா என்று யோசிக்கும் மேகம் மாதிரி...

'எதற்காக வந்தோம்?'

"அப்பா... பல்லு... இராஜாங்கம்..."

"அரிசி மில் இராஜாங்கம் ஐயா செட்டா? இப்பதான் தொட்டியில போட்டேன். நாளைக்குக் காலையில வாங்க."

"நாளைக்கா? மேடம், ஞாயித்துக்கிழமை திருக்கடையூர்ல அவருக்கு அறுபதாம் கல்யாணம்!"

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. குடவாசல் கடைத்தெருவில் மட்டும் இராஜாங்கத்துக்கு ஏழு ஃபிளெக்ஸ் நின்றன. 'நெற்களஞ்சியத்தின் நிகரில்லா நாயகனே!' என்று அவரை வாழ்த்தி எழுதியவர் அவரேதான். விழாவில் நாற்பது நிமிட ஏற்புரை வேறு. ஆனால் இரண்டு மாதம் முன்பு டாக்டர் எல்லாப் பற்களையும் எடுத்ததிலிருந்து அவர் பேசுவது மகனுக்கு மட்டுமே விளங்கியது. அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு முனகுவார். பிரபு அதை ஊருக்குச் சொல்லுவான். மில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மூணு நாள் இருக்குல்ல சார்? ஏன் பறக்கறீங்க?" என்றாள், பல் செட் செய்யும் கவிப்ரியா.

"போட்டுப் பேசிப் பழக வேணாமா? ஆமா, இதுல என்ன இருக்கு? வெந்நீர்தானே? அடுப்பைக் கூட்டி வச்சா ஒரு மணி நேரத்துல வெந்துடாது?"

"இது இட்லி இல்ல. பொடியும் திரவமும் கலந்து பிசைஞ்ச மாவு. எழுபத்து நாலு டிகிரியில எட்டு மணி நேரம் வேகணும், அப்புறம் ஒரு மணி நேரம் கொதிக்கணும். அவசரப்பட்டா உள்ள இருக்கற திரவம் கொதிச்சுக் குமிழ் விட்டுடும்."

"நாப்பது வருஷமா நெல்லு அவிக்கற குடும்பம் மேடம் நாங்க. சூட்டைப் பத்தி எங்களுக்கேவா?"

"அப்ப உங்க அப்பாவுக்கு நெல்லையே கட்டி விடுங்க."

பிரபுவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அது இன்னும் அவமானமாக இருந்தது.

அப்போது டாக்டர் வீட்டிலிருந்து போன். வேறொருவரின் பல் அச்சை வாங்கி வர அவள் குடையோடு கீழே இறங்கினாள். மழை வலுத்ததில் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த முக்கால் மணி நேரத்தில் நெல் அவிக்கும் குடும்பத்தின் ரத்தம் கொதித்தது. பிரபு தொட்டியில் சூட்டைக் கூட்டும் குமிழைக் கடைசி வரை திருகினான். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. படியில் அவள் காலடி கேட்டதும் குமிழைப் பழையபடி வைத்து, உலைக்கு விளாவுவது போல் மூன்று மக் பச்சைத் தண்ணீரை ஊற்றினான். சூடு காட்டும் முள் சமர்த்தாக எழுபத்து நாலுக்கு இறங்கி வந்தது.

"என்ன இவ்வளவு ஆவி?"

"மழைக்குளிர்ங்க..." என்றான், நிகரில்லா நாயகனின் மகன்.

மறுநாள் காலை இராஜாங்கமே காரில் வந்துவிட்டார். சரிகைத் துண்டு வாயை மறைத்திருந்தது. லேப் முதலாளி ஜாஃபர் சாதிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கவிப்ரியா பித்தளை அச்சுப் பெட்டியைத் திறந்தாள், செட்டைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு அச்சை உடைத்தாள், கழுவினாள்... அவள் கை நின்றுவிட்டது.

பற்கள் முத்துப் போலத்தான் இருந்தன. ஆனால் ஈறு கனமாக இருந்த இடமெல்லாம் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி பொத்தல் பொத்தலாக...

"என்னம்மா இது?" முதலாளியின் குரல் இறுகியது. "தொட்டியைப் பார்க்காம எங்க போன?"

"பாய்... எழுபத்து நாலுலதான் வச்சேன். ஆறு வருஷத்துல ஒரு செட்கூட எனக்கு இப்படி வந்ததில்ல..."

"பெரிய இடத்து வேலைம்மா. நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். பிரபு அந்த முகத்தை முதன்முதலாக முழுதாகப் பார்த்தான். இப்படியா பார்க்க வேண்டும்... உதடு துடிக்க, கண் நிறைந்து...

இராஜாங்கம் துண்டுக்குள்ளிருந்து நீளமாக முழங்கினார்.

"ஐயா என்ன சொல்றாங்க தம்பி?" என்றார் முதலாளி பவ்யமாக.

அப்பா சொன்னது பிரபுவுக்கு வார்த்தை தவறாமல் விளங்கியது. 'பொம்பளைப் புள்ளைக்கு அடுப்புச் சூடுகூடத் தெரியலையா? எம் புள்ளைய விட்டிருந்தா ஒரு மணி நேரத்துல அவிச்சிருப்பான்.'

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவளும்...

"அப்பா சொன்னது கிடக்கட்டும். நான் சொல்றேன். அவங்க கீழ போயிருந்தப்ப நான்தான் சூட்டை ஏத்தினேன். அப்புறம் பச்சைத் தண்ணி ஊத்தி மறைச்சேன். அவங்க மேல தப்பே இல்ல."

இராஜாங்கம் துண்டை எடுத்துவிட்டு வாயைப் பிளந்தார். இரண்டு மாதம் ஊர் பார்க்காததை லேப் பார்த்தது. பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஜாஃபர் சாதிக் தொண்டையைச் செருமினார். "நாளைக்கு... வந்துடும்மா."

"அச்சுக்கு நகல் இருக்கு பாய். சனிக்கிழமைக்குள்ள வேற செட் தரேன்." பிறகு அவள் பிரபுவிடம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில எட்டரைக்கு வாங்க. தொட்டிப் பக்கத்துல உட்காரணும். கையைக் கட்டிக்கிட்டு."

"மன்னிச்சிட்டீங்களா?"

"முதல்ல வேகட்டும்."

வெள்ளிக்கிழமை முழுக்கப் பிரபு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே மழை, உள்ளே முள் அசையவில்லை. மத்தியானம் கவிப்ரியா தன் புளிசாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்து நீட்டினாள்.

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

"அப்பா பேசறதில்ல. பேசினாலும் யாருக்கும் புரியாது... மொழிபெயர்க்க நான் இல்லையே."

அவள் சிரித்துவிட்டாள். தொட்டிக்கும் அவளுக்கும் நடுவே இருந்த ஆவியில் அந்தச் சிரிப்பு கலைந்து கலைந்து தெரிந்தது.

"சாயங்காலம் அஞ்சரைக்கு முடிஞ்சிடும். அப்புறம் காலை வரைக்கும் தானா ஆறணும்" என்றாள்.

"அதுக்குள்ளயா?" என்றான் பிரபு. தன் குரலைக் கேட்டுத் தானே வெட்கப்பட்டான்.

சனிக்கிழமை காலை பெட்டி திறந்தது. ஒரு பொத்தல் இல்லை. கீழ்த்தளத்துக் கிளினிக்கில் டாக்டர் பொருத்திவிட, இராஜாங்கம் கண்ணாடியைப் பார்த்தார். அடுத்த நிமிடம் மாடி வரை கணீரென்று கேட்டது: "அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே!" கிளினிக்கில் அப்போது டாக்டரும் ஒரு நர்சும் மட்டுமே இருந்தார்கள்.

மாடியில் பிரபு மேஜையோரம் நின்றான்.

"இனிமே இங்க வர எனக்குக் காரணம் இல்ல. அதனால இப்பவே சொல்லிடறேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. புதன்கிழமையிலேர்ந்தே. அவசரமில்ல... எவ்வளவு நாள் வேணாலும் யோசிங்க."

கவிப்ரியா அரத்தைக் கீழே வைத்தாள்.

"வியாழக்கிழமை வீட்டுக்குப் போய் அழுதேங்க. வேலை போகாம தப்பிச்சதுக்குன்னு அம்மா நினைச்சாங்க. அது இல்ல... எனக்காக ஒருத்தர் அத்தனை பேர் முன்னாடி தலை குனிஞ்சாரேன்னு..." கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் யோசிச்சு முடிச்சிட்டேன். எங்க அப்பாகிட்ட வந்து கேளுங்க."

"வரேன்! நாளைக்கு விழா முடிஞ்சதும் நேரா வரேன்!" அப்புறம்தான் பயம் வந்தது. "அவர்... கோபக்காரரா?"

கவிப்ரியா மாஸ்க்கை மாட்டிக்கொண்டாள். மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

"ஒண்ணு மட்டும் சொல்லி வைக்கறேன்... அவருக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல்லு."