தெளியாதவர்களுக்கான வேலை

காலையில் பல் தேய்க்கும் முன்பே குழப்பமானியை நெற்றியில் கட்டிக்கொள்வேன். நீல விளக்கு எரிந்தால் அப்பாடா என்று அடுப்பங்கரைக்குப் போகலாம். வெள்ளை எரிந்தால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு வெள்ளைதான் எரியும் என்று பயந்திருந்தேன். எரிந்ததோ கருநீலம், உச்சக் குழப்பம். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

விடைப்பொறிகள் வந்தபின் பதில் சொல்ல மனிதர் யாரும் தேவைப்படவில்லை. கேள்வி கேட்கத்தான் அவற்றுக்குத் துப்பில்லை. குழம்பிய மனத்தில்தானே புதுக் கேள்வி முளைக்கும்? அதனால் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி இப்போது நிஜமாகவே குழம்பியவர்களுக்கு மட்டும். இயற்பியலில் எல்லாரும் தெளிந்துவிட்டார்கள். அங்கே இடமே கிடையாது. உயிரியலிலும் சமூகவியலிலும்தான் இன்னும் கொஞ்சம் மிச்சம். 'தெளிந்தவர்' என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அப்புறம் எந்த ஆய்வகமும் வாசலில்கூட நிற்க விடாது. வருடக்கணக்காகக் காத்திருந்துதான் கடலோர ஆய்வகம் ஒன்றில் எனக்கு இந்த வேலை கிடைத்தது.

என் ஆய்வு கடற்பசுக்களைப் பற்றியது. புயலில் கடற்புல் அழிந்துபோன இடத்துக்கே அவை ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? முந்தின நாள் ராத்திரிதான் அது புரிந்து தொலைத்தது. மண்ணுக்கடியில் வேர் சாகவில்லை. மூக்கால் கிண்டிப் பார்த்து அவை தெரிந்துகொள்கின்றன. சந்தோஷப்படுவதற்குப் பதில் குறிப்பேட்டை மூடி ஒளித்து வைத்தேன்.

கருநீலம் எரிந்த அன்றைக்குத்தான் பணி நீட்டிப்புத் தேர்வு. இயக்குநர் பிரேமகாந்தி மேடம் என் குழப்பமானியின் பதிவுகளைத் திரையில் உருட்டிப் பார்த்தார்.

"ஜெசிந்தா, கடற்பசு விஷயத்துல நீ தெளிஞ்சாச்சு. அப்புறம் இவ்வளவு குழப்பம் எங்கேருந்து வருது?"

"தெரியல மேடம்."

"வீட்டுல ஏதாவதா?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது. "எங்க வீட்டுக்காரவுக மூணு மாசமா வீட்டுல இல்ல மேடம். சண்டையில்ல, சச்சரவில்ல. ஒரு பையை எடுத்துட்டுப் போயிட்டாக. போன் போட்டாலும் எடுக்கிறதில்ல."

மேடத்தின் முகம் மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அருமையான கேள்விம்மா. உன்னைச் சமூகவியலுக்கு மாத்திடுறேன். சொல்லிக்காம போறவங்க ஏன் போறாங்க? அதான் தலைப்பு. மூணு வருஷம். ஒரே ஒரு நிபந்தனை. உன் வீட்டுக்காரர் ஏன் போனார்னு உனக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா நீயும் தெளிஞ்சவதான்."

சரி என்று சொல்லிவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமலே பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் லூர்து நின்றார், கொண்டுபோன அதே பையோடு. மனுஷர் பாதியாக இளைத்திருந்தார். கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஓங்கி ரெண்டு போடவும் தோன்றியது.

"ஜெசி, எல்லாத்தையும் சொல்லுதேன். கேட்டுட்டு அப்புறம் நீ விரட்டுனாலும் சரி."

"சாப்பிட்டீகளா?"

"நான் ஏன் போனேன்னா..."

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க."

வந்து உட்கார்ந்தார். மீன்குழம்பை ஊற்றினேன். மூன்று மாதமாக நான் மண்டையை உடைத்துக்கொண்ட காரணம், தட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. எனக்கு அது வேண்டும். ஆனால் கேட்டுவிட்டால் நாளைக் காலையில் வெள்ளை எரியும்.

"ஏ ஜெசி, நான் பேச வந்தா நீ ஏன் இப்படிப் பண்ணுத? உனக்குக் கேக்கவே வேண்டாமா?"

அவர் மறுபடி வாயைத் திறந்தார். நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.