மாமர மேசை

மேசை சூடாக இருந்தது. காலையிலிருந்து விடாத இடவப்பாதிப் பருவமழையில் சுவர்கள் வியர்த்து, தலையணை உறைகள் நமுத்து, வீட்டில் தொட்ட பொருளெல்லாம் ஈரக் குளிரோடு கையில் ஒட்டியபோதும், சாப்பாட்டு மேசையின் நடுப்பலகை மட்டும் யாரோ இப்போதுதான் படுத்து எழுந்த பாய் போல வெதுவெதுத்தது. பிந்து கையை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இதுக்க மேலயா சேச்சி இஸ்திரி போட்டிய?" என்றான் ஜித்தின். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பும் கம்பெனியிலிருந்து அளவெடுக்க வந்தவன்.

"இல்ல."

"கரண்டே இல்ல. பின்ன எப்படிப் போடுவிய." அவனே சிரித்துக்கொண்டான். "மாமரம் ஆக்கும், இல்லியா? மாமரத்துல ஆரு மேசை செய்வா? ஆஸ்திரேலியா கஸ்டம்ஸ்காரன் தட்டித் தட்டிப் பூச்சி தேடுவான். கட்டிலும் அலமாரியும் போகட்டும். இதை விட்டிருங்க. நாளைக்குக் காலத்த வண்டி வரும்போ சொன்னா போதும்."

அவன் போன பிறகு வீட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. பக்கத்து அறையில் மகள் மாளு பொம்மைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த மாமரம் தெற்கு முற்றத்தில் நின்றது. மாமியார் விஜயம்மாவுக்காக நின்றது. வீட்டில் ஒருவர் இறந்தால் தெற்கு முற்றத்து மாமரத்தை வெட்டி அந்த விறகில் எரிப்பதுதான் வழக்கம். "எனக்குள்ள மரம்" என்று சொல்லி விஜயம்மா அதில் ஒரு கிளையை ஒடிக்க விட்டதில்லை. ஆனால் கொரோனா நாட்களில் அவள் ஆஸ்பத்திரியிலேயே போனாள். உடல் வீட்டுக்கு வரவில்லை. உறை போட்ட ஆட்கள் மின்மயானத்தில் எரித்தார்கள். மரம் மிஞ்சியது. பெர்த் நகரத்துக்கு வேலைக்குப் போகும் முன் கணவன் அகிலேஷ் அதை அறுத்து மேசை செய்தான். அம்மாவின் நினைவுக்கு என்றான். அப்போது பிந்துவுக்கு அது தவறாகத் தோன்றவில்லை.

மதியம் அவன் அழைத்தான்.

"மேசை வரணும். மத்ததெல்லாம் ஒனக்க இஷ்டம்."

"அது சூடா இருக்கு."

"எது?"

"மேசை. ஒரு வாசமும் உண்டு. முடி கருகின மாதிரி."

"ஒனக்குக் காய்ச்சலா?"

"அது அம்மைக்கு உள்ள மரம் சேட்டா. நமக்கு உள்ளதில்ல."

"நீ நர்ஸ் ஆக்கும். நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க. எனக்க அம்மைக்கதுண்ணு வேற என்ன உண்டு எனக்கு?"

அவன் குரல் உடைந்தது. அவள் சரி என்றாள். போனை வைத்ததும், அந்நிய ஊரில் அந்தப் பலகையில் தட்டு வைத்து மாளு சாப்பிடுவதையும், கன்னத்தை அதில் சாய்த்துத் தூங்கிப்போவதையும் நினைத்தாள். கொண்டுபோகக் கூடாது. விட்டுப் போனாலும் வேறு யாராவது அதில் சாப்பிடுவார்கள். யாருக்கு உள்ளதோ அவளுக்கே எரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

மழை ஓய்ந்ததும் அடுத்த வீட்டுத் தங்கையன் மாமாவைக் கூப்பிட்டாள். இருவரும் மேசையைத் தெற்கு முற்றத்துக்கு இழுத்தார்கள். அவர் கோடாலியால் பிளந்தார். பிளந்த இடத்தைத் தொட்டு விரலை மோந்தார்.

"மக்கா, இது அறுத்து வருசமாச்சில்லியா?"

"ஆச்சு மாமா."

"பின்ன என்னத்துக்குச் சொனை வடியுது?"

பால் போன்ற சொனை பலகையிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துண்டுகளைத் தென்வடலாக, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆள் நீளத்துக்கு அடுக்கினார். அடுக்கி முடித்த பிறகுதான் பார்த்தார். "ஊர்ச் சாவுக்கெல்லாம் அடுக்கிக் கை பழகிப்போச்சு," என்றார்.

மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பற்றவில்லை. காகிதம் எரிந்தது, ஓலை எரிந்தது. விறகு கறுக்கக்கூட இல்லை.

"மேல ஆளில்லாம எரியமாட்டேங்குதே, எலே," என்று விறகிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "காஞ்ச தேங்காச் சிரட்டை எடுத்திட்டு வாறேன்," என்று வேலியைத் தாண்டிப் போனார்.

பாறசாலை ஸ்டேஷனில் ஒரு ரயில் கூவிவிட்டுப் போனது. வானம் மங்கிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய் வாசத்துக்கு அடியில் சொனையின் புளித்த வாசம், அதற்கும் அடியில் கருகிய முடியின் வாசம். பிந்துவின் சேலை கூரைச் சொட்டில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. குளிரில் பல் கிட்டியது. ஊதிப் பார்க்கலாம் என்று குனிந்தாள். விறகிலிருந்து முகத்தில் இளஞ்சூடு அடித்தது. உள்ளங்கையை வைத்தாள். இதமாக இருந்தது. இன்னொரு கையையும் வைத்தாள்.

வானம் தெரிந்தது.

வெறும் வானம்.

முதுகின் கீழே விறகு.

எப்போது ஏறினாள்? தெரியவில்லை. கைகள் நெஞ்சின்மேல் இருந்தன. அவள் வைக்கவில்லை. கால்கள் சேர்ந்திருந்தன. பிரிக்க முடியவில்லை. கழுத்து திரும்பவில்லை. கண் மட்டும் அசைந்தது.

அடுக்களைக் கதவு திறந்தது.

மாளு.

பிந்து கத்தினாள். வாய் திறக்கவில்லை.

குழந்தையின் இடது தோளில் மண்பானை. அடியில் ஓட்டை. நீர் அவள் பாவாடையை நனைத்துத் தரையில் கோடு போட்டது. விறகைச் சுற்றி வந்தாள். மெதுவாக. மறுபடியும். எந்தச் சாவையும் பார்த்திராத பிள்ளை. விஜயம்மா போனபோது தொட்டிலில் கிடந்தவள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கால் எங்கும் தடுமாறவில்லை.

தலைமாட்டில் நின்றாள்.

பானை பின்னால் விழுந்து உடைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தீப்பெட்டி உரசும் சத்தம்.

பிந்து கண்ணை மேலே உருட்டினாள். சின்ன முதுகு. நனைந்த பின்னல். முகம் வீட்டைப் பார்த்து நின்றது. பின்பக்கமாக நீண்ட கையில், காற்றில் அணையாமல், தீக்குச்சி.